மலை வார்டுகளின் ஏழு புள்ளிகள்

வியாழன்

அடுத்த வெள்ளிக்கிழமை பேரவையின் உரிமைக் குழு காடென்யி அம்மாவை விசாரிக்கிறது. நெல் கம்பெனி எழுதிக் கொடுத்த உரையைத் தன் உரைபோல அவையில் பேசினார் என்பது புகார். அது உண்மை என்று குழு முடிவு செய்தால் ஆறு மாத இடைநீக்கம். அதற்குப் பிறகு கட்சி அவரைத் தேர்தலில் நிறுத்தாது. புகாருடன் ஆதாரமாக இணைத்திருப்பது ஒரே ஒரு படம். அதை வரைந்தவள் நான். அவருக்கு இது தெரியாது.

இன்று வகுப்புக்குப் போகவில்லை. மட்டாட்டு வேன் நிறுத்தம் வரை நடந்துவிட்டுத் திரும்பிவிட்டேன். எங்கே தவறினேன் என்று வரிசைப்படி எழுதிப் பார்க்கிறேன். என் நினைவை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

பகலில் எனக்குக் கவுண்டி என்னும் எங்கள் மாவட்டத்தின் பேரவையில், அவைக்குறிப்பு அலுவலகத்தில் வேலை. அவையில் பேசுவதெல்லாம் ஒலிப்பதிவாகிறது. அதைப் பத்து நிமிடத் துண்டுகளாக வெட்டி எங்கள் நால்வருக்கும் பிரித்துக் கொடுப்பார்கள். ஹெட்போனில் கேட்டு, தட்டச்சு செய்து, திருத்தி, எங்கள் மேலாளர் அமுகுனே சாரின் கையெழுத்துக்கு வைப்போம். செவ்வாய், வியாழன் மாலைகளில் தொழில்நுட்பக் கல்லூரியில் கியாலோ சாரின் வகுப்பு. கணினியை வைத்து எழுத்தை ஆராய்வது எப்படி என்று சொல்லித் தருகிறார். தையல் பிரிவின் மேசைகளில் கணினிகளை வைத்திருப்பதால் விரல்களில் நூல் பிசிறு ஒட்டும்.

பருவத் தேர்வுக்குப் பதிலாக ஒரு ஆய்வு செய்யச் சொன்னார். பலர் பேசிய ஏதாவது ஒரு தொகுப்பை எடுத்து, யார் நடை யார் நடையோடு ஒத்துப்போகிறது என்று காட்ட வேண்டும். எங்கள் அவைக்குறிப்பு எல்லாரும் படிக்கக்கூடியது, யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. அதனால் அதையே எடுத்தேன். பதினான்கு மாதம், முப்பத்தொரு உறுப்பினர்கள், நானூற்றுப் பன்னிரண்டு உரைகள். தலைப்புகளை நீக்கினேன். தொடக்க ஜெபத்தை நீக்கினேன். சபாநாயகர் பேசியதையும், எல்லாரும் ஒரே மாதிரி சொல்லும் சடங்கு வாக்கியங்களையும் நீக்கினேன். நிலம், தண்ணீர், சாலை போன்ற பெரிய சொற்களையும் கணக்கில் எடுக்கக்கூடாது என்பது பாடம். பேச்சு எதைப் பற்றியதோ அதற்கேற்ப அவை மாறிவிடும். ‘ஆனால்’, ‘எனவே’, ‘இருப்பினும்’ போன்ற சின்னச் சொற்களைத்தான் எண்ண வேண்டும். அவற்றை யாரும் யோசித்துப் போடுவதில்லை. ஆளுக்கு ஆள் நடக்கும் விதம் வேறாக இருப்பதுபோல அவையும் ஆளுக்கு ஆள் வேறு.

கணினி ஒவ்வொரு உறுப்பினரையும் ஒரு புள்ளியாக வரைந்தது. இருபத்து நான்கு புள்ளிகள் ஆளுக்கொரு பக்கம் சிதறிக் கிடந்தன. ஏழு மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்திருந்தன. ஏழு பேரும் மலை வார்டுக்காரர்கள். ஏழு பேரும் சதுப்பு நிலத்தை நெல் கம்பெனிக்குக் குத்தகைக்கு விடும் மசோதாவை ஆதரித்தவர்கள்.

எங்கோ பிழை செய்திருக்கிறேன் என்றுதான் முதலில் நினைத்தேன். மூன்று தடவை மறுபடி ஓட்டினேன். அதே படம்தான் வந்தது. அறிக்கையின் கடைசியில் ‘காரணம் தெரியவில்லை’ என்று எழுதிக் கொடுத்தேன்.

கியாலோ சார் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

“காரணம் தெரியலையா? ஏழு பேருக்கும் ஒரே ஆள் எழுதிக் குடுத்திருக்கான். இதைவிட என்ன தெரியணும் உனக்கு?”

“யாருன்னு தெரியலையே சார்.”

“மசோதாவால யாருக்கு லாபம்னு பாரு, தெரிஞ்சிடும். உனக்கு எப்பவும் தைரியம் பத்தாது, மினாயோ.”

அந்த வார்த்தை என்னைச் சுட்டது, ஏனென்றால் அது உண்மை. படத்தை வானொலியில் இருக்கும் தன் நண்பரிடம் காட்டலாமா என்று கேட்டார். நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. என் பாதுகாப்புக்காக என் பெயரை எடுத்துவிட்டார்.

மறுவாரம் காலைச் செய்தியில் ‘ஏழு வாய், ஒரு பேனா’ என்று சொன்னார்கள். மதியத்துக்குள் படம் எல்லார் கைபேசியிலும் இருந்தது. எங்கள் அலுவலகத்தில் ஓபுரா சாப்பாட்டு நேரத்தில் அதை எனக்கே காட்டி, ஏழு பேருக்கும் சேர்த்து ஒரே நாற்காலி போட்டால் பேரவைக்கு இடம் மிச்சம் என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

புகார் காடென்யி அம்மா ஒருவர் மேல்தான் வந்தது. மற்ற ஆறு பேருக்கும் பின்னால் பெரிய ஆட்கள் இருக்கிறார்கள். காடென்யி அம்மா சந்தையில் காய்கறி விற்று, சர்ச் பெண்களின் ஓட்டில் ஜெயித்து வந்தவர். நிலக் குழுவின் தலைவர் என்ற முறையில் அந்த மசோதாவை முன்மொழிந்தவரும் அவர். அதனால் அவர் பெயரை மட்டும் எழுதினார்கள். அவருடைய வார்டில் சதுப்பில் கோரை வெட்டிப் பாய் முடையும் பெண்கள், போன ஞாயிறு சர்ச்சில் அவர் வந்து உட்கார்ந்த பெஞ்சை விட்டு எழுந்து போனார்களாம்.

கியாலோ சார் அதன்பிறகு இன்னொரு அறிக்கை கேட்டார். கம்பெனியின் கடிதங்களைக் கொண்டுவந்து தந்தார். அந்த நடை ஏழு புள்ளிகளோடு பொருந்துவதைக் காட்டிவிட்டால் குழுவுக்குச் சந்தேகமே இருக்காது என்றார். செவ்வாய் மாலை அதைச் செய்தேன். ஒப்பிடும்போது சம்பந்தமில்லாத வேறு சில எழுத்துகளையும் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் ஒப்பீட்டுக்கு மதிப்பில்லை. ஆளுநரின் ஓர் உரையைப் போட்டேன். ஒரு செய்தித்தாள் கட்டுரையைப் போட்டேன். நாலாவதாக வேறெதுவும் கையில் இல்லாததால் நான் ஆங்கிலத்தில் எழுதிய பருவ அறிக்கையையே போட்டேன்.

கம்பெனியின் புள்ளி தள்ளிப் போய் விழுந்தது. ஆளுநரும் செய்தித்தாளும் வேறெங்கோ. என் அறிக்கையின் புள்ளி ஏழு பேருக்கும் நடுவில் விழுந்தது.

எண்களை இன்னொரு தடவை சரிபார்த்தேன். பிறகு எல்லாம் ஒரே நேரத்தில் புரிந்தது. அவையில் ஒரு விதி உண்டு. ஆங்கிலத்தில் தொடங்கியவர் ஆங்கிலத்தில்தான் முடிக்க வேண்டும், சுவாஹிலியில் தொடங்கியவர் சுவாஹிலியில். தாய்மொழிக்கு அங்கே இடமே இல்லை. மலை வார்டு உறுப்பினர்கள் மரியாதைக்காக ஆங்கிலத்தில் தொடங்குவார்கள். இரண்டு வாக்கியம் தாண்டியதும் பேச்சு சூடுபிடித்து, மலைப்பக்கத்து எங்கள் தாய்மொழிக்கு இறங்கிவிடும். சபாநாயகரும் மலைப்பக்கத்துக்காரர்தான், அப்போது காதில் விழாததுபோலக் காகிதத்தைப் புரட்டிக்கொண்டிருப்பார். அந்தத் துண்டுகள் எங்களிடம் வந்ததும் அமுகுனே சார் அவற்றின் மேல் என் பெயரை எழுதுவார். எங்கள் மொழி தெரிந்தவள் அங்கே நான் ஒருத்திதான். உறுப்பினர் விதியை மீறியதாகப் பதிவாகக்கூடாது என்பதற்காக நான் அதை ஆங்கிலத்தில் எழுதுவேன். அலுவலகத்தில் இதற்குச் ‘சரிபண்ணுவது’ என்று பெயர். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாளிலிருந்து சரிபண்ணுகிறேன்.

அந்தப் பேனா என்னுடையது. எல்லாவற்றையும் நீக்கிய நான் என்னை நீக்க மறந்திருக்கிறேன்.

நேற்றுக் காலை அமுகுனே சாரிடம் சொன்னேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார். கத்தவில்லை. கத்தியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

“நீ சொல்லலாம். உன்னைத் தடுக்க எனக்கு வழியில்லை. ஆனா சொன்ன மறுநாள் ஒரு வக்கீல் வருவான், பதினாலு மாசக் குறிப்பும் பொய்னு கோர்ட்ல நிப்பான். எந்தச் சட்டம் நிக்கும்? நம்ம நாலு பேர்ல யாரு நிப்போம்?”

“காடென்யி அம்மா சார்?”

“ஆறு மாசம் வீட்ல இருப்பாங்க. நாம வாழ்நாள் பூரா இருப்போம்.”

அவர் மேசையைவிட்டு நான் எழுந்தபோது, வெள்ளிக்கிழமைக்கான வேலைப் பட்டியலை நீட்டினார். உரிமைக் குழு விசாரணையைக் குறிப்பெடுப்பவர்: மினாயோ. சாட்சி நடுவில் மொழி மாறினால் வேறு யாருக்குப் புரியும் என்று கேட்டார். அவர் கேட்டதும் நியாயம்தான்.

ஞாயிறு

நேற்றுக் காலை காடென்யி அம்மாவின் வீட்டுக்குப் போனேன். பையில், அவருடைய பேச்சின் ஒலிப்பதிவை ஏற்றிய ஒரு பென்டிரைவ். அலுவலக ஒலிப்பதிவை வெளியே எடுத்துப் போவது குற்றம். போகும் வழியெல்லாம் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

அவர் முற்றத்தில் மொச்சை புடைத்துக்கொண்டிருந்தார். எங்கள் மொழியில் கும்பிடு சொன்னதும் அவித்த வள்ளிக்கிழங்கும் டீயும் கொடுத்தார். கூடத்துச் சுவரில் ஏசுவுக்குப் பக்கத்தில் அவைக்குறிப்பின் ஒரு பக்கத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். அவருடைய முதல் உரை. நான் எழுதியது.

அவரைப் பார்த்துச் சொல்ல முடியாமல் கிழங்கைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். வகுப்பு, புள்ளிகள், வானொலி, என் அறிக்கை. முடித்தபோது அவர் முறத்தைக் கீழே வைத்திருந்தார்.

“ஆக, அந்தக் கண்ணாடிச் சட்டத்துக்குள்ள இருக்கிறது நான் இல்லை?”

“நீங்க சொன்னதுதான் அம்மா. வார்த்தை மட்டும் என்னோடது.”

“வார்த்தையை எடுத்துட்டா பேச்சுல வேற என்னடி இருக்கு?”

மசோதா அன்று அவர் பேசியதைக் கேட்க வேண்டும் என்றார். பேரனின் மடிக்கணினியில் போட்டேன். ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் வந்தது. பிறகு குரல் இறங்கி, எங்கள் மொழியில் சந்தைக்காரியின் குரலாக மாறியது. “கம்பெனி வரட்டும், நான் வேண்டாங்கலை. ஆனா கோரை வெட்டுற ஓரத்தைத் தொடக்கூடாது. அங்க ஒரு வேலி முளைச்சுதுன்னா நானே பிடுங்குவேன். என்னைப் பிடிக்கப் போலீஸை அனுப்புங்க, அவங்களுக்கும் டீ போட்டுத் தரேன்.” அவையில் சிரிப்பொலி. மேசையைத் தட்டும் ஓசை.

நான் எழுதியிருந்ததைப் படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். “உள்ளூர் மக்களின் நலன்கள் உரிய முறையில் கருத்தில் கொள்ளப்படும் என்ற நம்பிக்கையுடன் இம்மசோதாவை ஆதரிக்கிறேன்.”

கோரை இல்லை. ஓரம் இல்லை. வேலி இல்லை. அந்தத் துண்டைத் தட்டச்சு செய்த நாள் எனக்கு நினைவில்லை. அவசரத்தில் செய்திருப்பேன். அன்று நிபந்தனை என்று எனக்குப் படவில்லை, கேலி என்று பட்டிருக்கும். சதுப்புப் பெண்கள் இந்த வாக்கியத்தைப் படித்துவிட்டுத்தான் எழுந்து போனார்கள்.

வெள்ளிக்கிழமை உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவர் தலையசைத்து மறுத்தார்.

“வேண்டாம். திருடின்னு சொல்றாங்க, சொல்லட்டும். திருடனுக்கு இந்த ஊர்ல மறுபடி ஓட்டுப் போட்டிருக்காங்க, நானே பார்த்திருக்கேன். எனக்கு இங்கிலீஷ் வராது, டைப் அடிக்கிற பொண்ணு வாயாலதான் பேசினேன்னு தெரிஞ்சா சிரிப்பாங்க. ஊரே பார்த்துச் சிரிச்ச ஆளுக்கு யாரும் ஓட்டுப் போடமாட்டாங்க.”

“ஆனா நீங்க திருடலையே.”

“அது எனக்குத் தெரியும். இப்ப உனக்கும் தெரியும். போதும். நீ வாயைத் திறக்காதே, பொண்ணே. உன் வேலை கேக்கிறதுதானே?”

திரும்பும்போது, சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. சனிக்கிழமைவரை கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தது அவர்தான். இப்போது அவரை அங்கிருந்தும் இறக்கிவிட்டேன். சொன்னால் அவமானம், சொல்லாவிட்டால் தண்டனை. இரண்டையும் நானே அவருக்குச் செய்துவைத்திருக்கிறேன்.

சனி

நேற்று நடந்ததை முடிந்தவரை அப்படியே எழுதுகிறேன்.

குழு அறையில் ஐந்து உறுப்பினர்கள். தலைவர் சமவெளிக்காரர், எங்கள் மொழி அவருக்குத் தெரியாது. நான் மூலையில் ஒலிப்பதிவுப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தேன். குறிப்பெடுப்பவர் பேசக்கூடாது, தலையாட்டக்கூடாது, சிரிக்கக்கூடாது. இது வேலையின் முதல் பாடம்.

காடென்யி அம்மா சுவாஹிலியில் தொடங்கியிருக்கலாம். சந்தைச் சுவாஹிலி அவருக்கு நன்றாக வரும். ஆனால் அவர் ஆங்கிலத்தில் தொடங்கினார். “தலைவர் அவர்களே, அது என் உரை.” மனப்பாடம் செய்து வந்திருந்தார். விதி அவரை அந்த மொழிக்குள் வைத்துப் பூட்டிவிட்டது.

தலைவர் அவைக்குறிப்பிலிருந்து ஒரு பத்தியை உரக்க வாசித்தார். நெளிந்து நெளிந்து போகும் நாலு வரி, என்னுடையது. அதில் தாம் சொல்ல வருவது என்ன என்று உறுப்பினர் தம் சொந்தச் சொற்களில், தொடங்கிய மொழியிலேயே, விளக்கட்டும் என்றார்.

காடென்யி அம்மா எழுந்து நின்றார். “தலைவர் அவர்களே,” என்றார். நிறுத்தினார். மறுபடியும் “தலைவர் அவர்களே” என்றார். பெட்டியில் ஓடிய நேரத்தைப் பார்த்தேன். நாற்பது நொடி. ஒரு உறுப்பினர் இருமினார். அவர் கை நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்தது. அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

“அது நான் எழுதினது,” என்றேன்.

எழுந்து நின்றதுகூடத் தெரியவில்லை. அவர் எங்கள் மொழியில் பேசினார், நான் ஆங்கிலத்தில் மாற்றினேன், கம்பெனிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஏழு பேரும் ஒன்றாகத் தெரிவதற்குக் காரணம் நான் என்று ஒரே மூச்சில் சொன்னேன். யாரோ சிரித்தார். பிறகு இரண்டு மூன்று பேர். காடென்யி அம்மா சொன்னபடியேதான் நடந்தது.

தலைவர் மேசையைத் தட்டினார். வெளியாள் குழுவில் பேச முடியாது, நான் சொன்ன அனைத்தும் குறிப்பிலிருந்து நீக்கப்படுகின்றன என்றார்.

அப்போதுதான் காடென்யி அம்மா பேசினார். எங்கள் மொழியில். என்னைப் பார்த்துத் தொடங்கினார்.

“வாயைத் திறக்காதேன்னு சொன்னேன்ல. இப்ப சிரிச்சாச்சு, இனி எனக்கென்ன பயம்?” பிறகு தலைவர் பக்கம் திரும்பினார். கோரை ஓரத்தைப் பற்றிச் சொன்னார். யார் யார் அங்கே வெட்டுகிறார்கள் என்று பதினொரு பெண்களின் பெயரைச் சொன்னார். எந்த மேட்டிலிருந்து எந்த ஓடைவரை என்று கையால் காட்டினார். அந்த ஓரத்தைத் தொடக்கூடாது என்ற நிபந்தனை இல்லாமல் அந்தச் சட்டத்துக்குத் தன் பெயரைப் போட்டிருந்தால் அந்தப் பெயரை அழிக்கச் சொன்னார். ஆறு நிமிடம் இருபது நொடி. தலைவர் “ஒழுங்கு, ஒழுங்கு” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். காடென்யி அம்மா நிறுத்தவில்லை.

முடிந்ததும் தலைவர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். கூட்டத்தை ஒத்திவைத்தார். எழும்போது என்னைப் பார்த்து, கோபமாகக்கூட இல்லாமல், சுவாஹிலியில் சொன்னார்:

“அந்த அம்மா பேசினதை எப்பவும் போல இங்கிலீஷ்ல சரிபண்ணிக் குடுத்துடு. திங்கட்கிழமை வேணும்.”

ஒலிவாங்கி இன்னும் அணைக்கப்படவில்லை. பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மூன்று வாரம் கழித்து

அந்தக் குறிப்பை நான் இரண்டு நாளில் முடித்தேன். உத்தரவுப்படி நான் பேசியதை நீக்கினேன். அந்த இடத்தில் ஒரு வெற்று வரி. காடென்யி அம்மா பேசியதை அவர் பேசிய மொழியிலேயே எழுதினேன், பதினொரு பெயர்களோடும். கடைசியில் தலைவர் சொன்ன வாக்கியத்தையும் அவர் சொன்ன மொழியிலேயே எழுதினேன்.

அமுகுனே சார் இரண்டு தடவை படித்தார். கடைசி வரியில் பேனாவை வைத்தார்.

“இதை எடு.”

“எடுக்கச் சொல்லி உத்தரவில்லை சார். நான் பேசினதுக்கு மட்டும்தான் உத்தரவு.”

“நாம சரிபண்ற பழக்கத்தைப் பத்தி ஒரு வரி வெளிய போனா என்ன ஆகும்னு உனக்குச் சொன்னேன்.”

“சொன்னீங்க.”

“அப்புறம்?”

பொய் இல்லாமல் என்னால் எழுத முடிந்தது இது ஒன்றுதான் என்று சொல்ல நினைத்தேன், அது பெரிய பேச்சாகத் தோன்றியது. அவர் தாள்களை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். செவ்வாய்க் காலை அவை என் மேசையில் கிடந்தன. கையெழுத்துப் போட்டிருந்தார். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை, இன்றுவரை அதிகம் பேசுவதில்லை.

குழு மறுபடி கூடவில்லை. அந்தக் குறிப்பை ஏற்றுக்கொண்டால் ‘எப்பவும் போல சரிபண்ணு’ என்ற தலைவரின் வாக்கியத்தையும் ஏற்க வேண்டும். புகார் ‘மேல் நடவடிக்கை தேவையில்லை’ என்று இரண்டு வரியில் முடிந்தது. எந்த வக்கீலும் வரவில்லை. வரமாட்டார் என்று நான் நம்பவும் இல்லை. கியாலோ சார் படத்தைத் திருத்தி வெளியிடச் சொல்லி வானொலிக்கு எழுதினார். வானொலி அதைப் படிக்கவில்லை. எனக்கு நல்ல மதிப்பெண் போட்டார். அதை நான் வீட்டில் சொல்லவில்லை.

காடென்யி அம்மா பதவியில் இருக்கிறார். குறிப்பின் ஆறு பக்கத்தைக் கோரை வெட்டும் பெண்கள் நகலெடுத்துக்கொண்டு போனார்களாம். தங்கள் பெயர்கள் அச்சில் வந்திருப்பதை விரல் வைத்துப் பார்த்தார்களாம். ஞாயிறு அவர் வந்தபோது பெஞ்சில் இடம் விட்டிருக்கிறார்கள். ஓபுரா சொல்லித்தான் தெரியும். காடென்யி அம்மா என்னிடம் எதுவும் சொல்லி அனுப்பவில்லை. நடைபாதையில் எதிரே வந்தால் மேலே மாட்டியிருக்கும் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

இப்போது அலுவலகத்தில் சரிபண்ணுவதில்லை. சொன்னது சொன்னபடி எழுத வேண்டும் என்று அமுகுனே சார் சுவரில் ஒட்டியிருக்கிறார். மலை வார்டுத் துண்டுகள் இன்னும் எனக்குத்தான் வருகின்றன. சாலை, மருந்தகம், கோரை ஓரத்துக்கான திருத்தம் என்று விவாதங்கள் நடக்கின்றன. ஏழு பேரும் எழுந்து, “ஆதரிக்கிறேன்” என்று ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். இனி எங்கள் மொழிக்கு இறங்கினால் அது அப்படியே பதிவாகும், விதிமீறல் என்று படிக்கப்படும்.

கோரை ஓரத் திருத்தம் விவாதத்துக்கு வந்த அன்று காடென்யி அம்மாவுக்கு முழுப் பத்து நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். அந்தத் துண்டை இன்று பிற்பகல் கேட்டேன். சபாநாயகர் அவர் பெயரைச் சொல்கிறார். நாற்காலி நகர்கிறது. மூச்சு இழுக்கும் சத்தம் தெளிவாகக் கேட்கிறது, ஏதோ பெரிதாகச் சொல்லப்போகிறவர் இழுக்கும் மூச்சு. பிறகு, “ஆதரிக்கிறேன், சபாநாயகர் அவர்களே.”

அதை அப்படியே தட்டச்சு செய்தேன். மீதி நேரத்தில் வேறு உறுப்பினர்கள் பேசுகிறார்கள். ஆனாலும் அந்த மூச்சு வரும் இடத்துக்குத் திரும்பி இன்னும் நாலு தடவை கேட்டேன்.